சிறையும் முற்றுகையும் தாண்டி வந்த பாட்டு

முதலில் அது இரண்டு பாட்டுகளாக இருந்தது என்பது வேதாகம ஆய்வாளர்கள் பலருடைய கணிப்பு. ஒன்று வானத்தைப் பற்றியது. பகலும் இரவும் வாய் திறக்காமலே கடவுளின் பெருமையைப் பேசுகின்றன. சூரியன் மணமகனின் மிடுக்கோடு அறையை விட்டு வெளியே வந்து, பந்தயத்துக்கு நிற்கும் வீரனின் உற்சாகத்தோடு ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு ஓடுகிறது. மற்றொன்று வேதத்தைப் பற்றியது. அது பொன்னைவிட மதிப்பானது, தேனைவிட இனியது. எபிரேய மூலத்தின் முதல் பாதியில் 'ஏல்' என்ற பொதுப்பெயர் ஒரே ஒரு தடவை வருகிறது; பிற்பாதியில் இஸ்ரவேலர் தங்கள் கடவுளுக்கு வைத்திருந்த தனிப்பெயர் ஏழு தடவை வருகிறது. யாரோ ஒரு புலவர் இரண்டையும் ஒட்டினார். ஒட்டியதோடு நிற்காமல், கடைசியில் தன் பக்கம் திரும்பிக்கொண்டார். தன் தவறு தனக்கே தெரியுமா என்று கேட்டார். தெரியாமல் செய்தவற்றை மன்னிக்கவும், துணிந்து செய்யாதபடி தடுக்கவும் வேண்டினார். தாவீதின் பெயரோடு சங்கீதப் புத்தகத்தில் 19ஆவதாக இடம்பிடித்த அந்தப் பாட்டின் இந்தக் கேள்விதான், பின்னாளில் அதைத் தமிழுக்குக் கொண்டுவந்த ஒவ்வொருவரையும் விடாமல் துரத்தியது.

கி.பி. முதல் நூற்றாண்டில் பவுல் அதை எடுத்தாண்டார். ரோமாபுரிச் சபைக்கு எழுதிய கடிதத்தின் 10ஆம் அதிகாரத்தில், வானத்தின் குரல் உலகின் எல்லைவரை எட்டியது என்ற கருத்தை எடுத்து, நற்செய்தி சொல்லித் திரிந்தவர்களின் குரலுக்குப் பொருத்திவிட்டார். சூரியனையும் விண்மீன்களையும் பற்றிய வரி, ஊர் ஊராகப் போகிறவர்களின் வரியானது. சுமார் 1,600 ஆண்டுகள் கழித்து, ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தில் வளர்ந்த இரண்டு இளைஞர்கள் கப்பலேறினார்கள். அவர்களில் ஒருவருக்கு வயது 23. உடம்பு எப்போதும் நோஞ்சான். போகிற ஊரின் மொழியில் ஓர் எழுத்துகூடத் தெரியாது.

பர்த்தலோமேயு சீகன்பால்க் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கரையிறங்கினார். அனுப்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடெரிக். ஆனால் மன்னரின் ஆள் என்ற மரியாதை கோட்டைக்குள் கிடைக்கவில்லை. மிளகும் துணியும் வாங்க வந்த டேனிஷ் கம்பெனிக்காரர்களுக்குப் பாதிரிகள் வேண்டாத விருந்தாளிகள். சீகன்பால்க் திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு உட்கார்ந்து, மணலில் விரலால் எழுதி அகரம் படித்தார். இரண்டே ஆண்டுகளில், 1708 அக்டோபரில், புதிய ஏற்பாட்டைத் தமிழாக்க உட்கார்ந்தார். ஒரு மாதம்தான் ஓடியது. ஊரில் ஒரு விதவையின் கடன் வழக்கில் அவளுக்காகப் பரிந்து பேசப்போக, கோட்டைத் தளபதி ஹாசியஸுக்குக் கோபம் தலைக்கேறியது. டேன்ஸ்போர்க் கோட்டையின் கதவு சீகன்பால்க்கின் முதுகுக்குப் பின்னால் சாத்தப்பட்டது.

நான்கு மாதம் உள்ளே இருந்தார். வெளியே வந்ததும் விட்ட இடத்தில் தொடங்கி, 1711 மார்ச்சில் புதிய ஏற்பாட்டை முடித்தார். எழுதியாயிற்று, பரப்புவது எப்படி? ஓலையில் பிரதி எடுத்தால் வருஷக்கணக்கில் ஆகும், செலவும் தாங்காது. லண்டனிலிருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் கைகொடுத்தது. ஓர் அச்சு இயந்திரம், காகிதம், கூடவே ஜோனாஸ் ஃபிங்க் என்ற அச்சுக்காரர் என எல்லாம் கப்பலேறின. அந்தக் காலத்துக் கப்பல்கள் காற்றைப் பிடிக்க பிரேசில் பக்கம் ஒதுங்கித்தான் இந்தியாவுக்கு வரும். ரியோ டி ஜெனிரோவில் கப்பல் பிரெஞ்சுக்காரர்களிடம் மாட்டிக்கொண்டது. ஒருவழியாக மீட்டுப் புறப்பட்டால், வழியில் காய்ச்சல் கண்டு ஃபிங்க் இறந்துபோனார். அச்சு இயந்திரம் சென்னை வந்து சேர்ந்தது. அதை ஓட்டத் தெரிந்தவர் வந்து சேரவில்லை.

அதிர்ஷ்டம் தரங்கம்பாடிக் கோட்டைக்குள்ளேயே இருந்தது. அங்கே காவலில் இருந்த ஒரு ஜெர்மானியச் சிப்பாய்க்கு அச்சுத் தொழில் தெரிந்திருந்தது. துப்பாக்கியை வைத்துவிட்டு அவர் மையைக் கையில் எடுத்தார். 1713இல் ஹாலேயில் வார்த்த தமிழ் எழுத்துகள் வந்து இறங்கின. பெட்டியைத் திறந்து பார்த்தால், ஒவ்வோர் எழுத்தும் பூதாகாரம். அந்த அளவில் அச்சடித்தால் இருக்கிற காகிதமெல்லாம் பாதி வழியிலேயே தீர்ந்துவிடும். சின்ன எழுத்து வார்க்க வேண்டும்; ஈயத்துக்கு எங்கே போவது? இங்கிலாந்துச் சங்கம் பாதிரிகளுக்காகப் பாலாடைக்கட்டி அனுப்பியிருந்தது. அது வந்த டப்பாக்களின் ஈயத் தகடுகளை உருக்கினார்கள். செஷயர் பாலாடைக்கட்டியை மூடியிருந்த தகடு, தமிழ் உயிர்மெய்யாக மறுபிறவி எடுத்தது. 1715இல் புதிய ஏற்பாடு வெளிவந்தது. அடுத்தது பழைய ஏற்பாடு. அதில்தான் சங்கீதங்கள் இருந்தன, 19ஆவது புத்தகமாக.

சீகன்பால்க் எட்டாவது புத்தகம்வரை வந்தார். ரூத்தின் கதையை முடித்த நிலையில், 1719 பிப்ரவரி 23 அன்று இறந்தார். வயது 36. சங்கீதத்தை எட்ட இன்னும் பத்துப் புத்தகங்கள் பாக்கி இருந்தன.

அதே ஆண்டு வந்தவர் பெஞ்சமின் சூல்ட்சே. அசாத்திய வேகம், அதற்கு ஈடான பிடிவாதம். மிச்சமிருந்த பழைய ஏற்பாட்டை அவர் முடித்த விதத்தில் நின்று மூச்சு வாங்கிய அடையாளமே இல்லை. 1720களின் இறுதிக்குள் முழு வேதாகமமும் அச்சேறிவிட்டது; இந்திய மொழி ஒன்றில் வந்த முதல் முழு வேதாகமம் அது. 19ஆம் சங்கீதத்தின் வானமும் சூரியனும் தமிழ் எழுத்தில் முதன்முதலாக அச்சான தருணமும் அதுதான். சூல்ட்சே அதோடு ஓயவில்லை. சென்னைக்குப் போய் மிஷன் தொடங்கினார். தெலுங்கிலும் தக்கினி உருதுவிலும் கைவைத்தார். தன் தமிழில் குறை இருக்கலாம் என்ற எண்ணம் அவருக்கு வந்ததாகத் தெரியவில்லை. வேறொருவருக்கு வந்தது. அந்த வேறொருவர் சாமானியப்பட்டவர் அல்லர்.

இத்தாலியில் பிறந்து, காவி கட்டி, தேம்பாவணி பாடிக்கொண்டிருந்த வீரமாமுனிவர்தான் அவர். கத்தோலிக்க இயேசு சபையைச் சேர்ந்த அவருக்கு லூத்தரன்களோடு கொள்கைச் சண்டை ஏற்கெனவே இருந்தது. அதில் இப்போது தமிழும் சேர்ந்துகொண்டது. 'வேதவிளக்கம்' நூலில் தரங்கம்பாடி மொழிபெயர்ப்பின் தமிழை நார் நாராகக் கிழித்தார். எதிராளியின் கிண்டல் என்று ஒதுக்கியிருக்கலாம். ஆனால் வாசித்த தமிழர்களும் முகம் சுளிக்கத்தான் செய்தார்கள். தன் பிழை தனக்குத் தெரியாது என்று பாட்டு சொன்னது, அந்தப் பாட்டை மொழிபெயர்த்தவரிடமே முதலில் பலித்துவிட்டது. இதைச் சரிசெய்ய ஒருவர் வேண்டும், அவசரப்படாத ஒருவர்.

யோகான் பிலிப் பெப்ரிசியஸ் 1740இல் தரங்கம்பாடிக்கு வந்தார். சூல்ட்சே ஊர் திரும்ப, 1742இன் முடிவில் சென்னை மிஷன் அவர் தலையில் இறங்கியது. கூச்ச சுபாவம், ஆனால் காது கூர்மையானது. ஜெர்மன் ஞானப்பாட்டுகளைத் தமிழில் பாடும்படி ஆக்கியவர் அவர். இன்றும் லூத்தரன் சபைகள் அவற்றைப் பாடுகின்றன. சூல்ட்சேயின் தமிழை அவர் ஒட்டுப்போட்டுப் பார்க்கவில்லை. எபிரேயத்தை எடுத்து வைத்துக்கொண்டு புதிதாகவே தொடங்கினார். பழைய ஏற்பாட்டை முழங்காலில் நின்றபடியே மொழிபெயர்த்தார் என்று சபைகளில் ஒரு வழக்கு உண்டு. கொஞ்சம் மிகையாக இருக்கலாம். ஆனால் அவரை உட்காரவிடாமல் அடித்தது பக்தி மட்டும் அல்ல.

1746இல் லா பூர்தொனே தலைமையில் பிரெஞ்சுக் கடற்படை சென்னையைப் பிடித்தது. பெப்ரிசியஸ் காகிதக் கட்டுகளோடு டச்சுக்காரர் வசமிருந்த பழவேற்காட்டுக்கு ஓடினார். சமாதான உடன்படிக்கையில் சென்னை ஆங்கிலேயருக்குத் திரும்பக் கிடைத்த பிறகு, மிஷனுக்கு வேப்பேரியில் இடம் கிடைத்தது. அங்கே வேர்விட்டுக்கொண்டிருந்த சமயத்தில், 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலியின் படை சென்னையை முற்றுகையிட்டது. வேப்பேரி சூறையாடப்பட்டது. பெப்ரிசியஸ் மறுபடியும் பழவேற்காட்டுக்கு ஓடினார். மறுபடியும் திரும்பிவந்தார். எழுதியதையெல்லாம் அச்சடிக்கச் சென்னையில் அச்சகம்கூட இல்லை. அதைத் தந்தது அவரைத் துரத்தியடித்த அதே லாலியின் தோல்வி.

1761 ஜனவரியில் ஆங்கிலேயத் தளபதி ஐயர் கூட் புதுச்சேரியைக் கைப்பற்றினார். பிடிபட்ட பொருள்களில் பிரெஞ்சு அரசாங்கத்தின் அச்சு இயந்திரமும் இருந்தது. சென்னைக்கு வந்ததும் ஆங்கிலேயருக்கு ஒரு சங்கடம். இயந்திரம் இருக்கிறது, அச்சடிக்கத் தெரிந்த ஆள் இல்லை. தரங்கம்பாடிப் பாதிரிகளுக்குத்தான் அந்தக் கலை தெரியும். இயந்திரம் வேப்பேரிக்குப் போனது. ஆங்கிலேயக் கம்பெனியின் வேலை முதலில், வேதம் பிறகு என்பது நிபந்தனை. பெப்ரிசியஸ் ஒப்புக்கொண்டார். இப்படி, கத்தோலிக்க பிரான்ஸின் இயந்திரம் லூத்தரன் பாதிரியின் தமிழை அடிக்கத் தொடங்கியது. 1772இல் அவருடைய புதிய ஏற்பாடு வெளிவந்தது. 1779இல் தமிழ்-ஆங்கில அகராதி. பழைய ஏற்பாடு பகுதி பகுதியாகக் கனிந்துகொண்டிருந்தது. எல்லாம் கூடிவருகிற நேரத்தில், அகராதியும் எபிரேயமும் கைகொடுக்காத ஒரு துறையில் பெப்ரிசியஸ் காலை விட்டார்.

கணக்கு. மிஷன் பணமும், நம்பி ஒப்படைத்தவர்களின் பணமும் அவர் கையில் இருந்தன. அந்தக் காலச் சென்னையில் வட்டி கொழுத்தது. ஆற்காட்டு நவாபின் கடன் பத்திரங்களை வைத்தே கோடீஸ்வரர்களான வெள்ளைக்காரர்கள் இருந்தார்கள். பெப்ரிசியஸ் பணத்தை வட்டிக்கு விட்டார். தனக்காக ஒரு காசும் அவர் எடுத்துக்கொண்டதாகச் சொல்ல எதிரிகளாலும் முடியவில்லை. வாங்கியவர்கள் கைவிரித்தார்கள். ஓட்டையை அடைக்க இவர் வேறிடத்தில் கடன் வாங்கினார். அந்த ஓட்டையை அடைக்க இன்னோர் இடத்தில் வாங்கினார். 1780இல் ஹைதர் அலியின் படையெடுப்பு வந்தபோது ஆற்காட்டுப் பகுதியே நொடித்துப்போனது. வரவேண்டியதும் வராமல் போனது. ஒரு சொல்லை எடை போட ஒரு வாரம் எடுத்துக்கொள்ளக்கூடிய மனிதர், தன் கடன் ஏட்டை எடை போடாமல் விட்டிருந்தார். கடன் கொடுத்தவர்கள் வழக்குப் போட்டார்கள். எழுபது வயதைத் தாண்டிய பெப்ரிசியஸைச் சேவகர்கள் கடன்காரர் சிறைக்கு அழைத்துப் போனார்கள்.

19ஆம் சங்கீதம் குற்றங்களை இரண்டாகப் பிரிக்கிறது: அறியாமல் நேர்வது, துணிந்து செய்வது. பெப்ரிசியஸினுடையது முதல் வகை என்று அவரை நேசித்தவர்கள் வாதாடினார்கள். பணத்தை இழந்த ஏழைகளுக்கு அந்த வித்தியாசம் பெரிய ஆறுதலாக இருந்திருக்காது. 1788இல் சென்னை மிஷனை கெரிக்கே என்ற பாதிரியார் ஏற்றுக்கொண்டார். 1791 ஜனவரியில் பெப்ரிசியஸ் காலமானார். அவருடைய பழைய ஏற்பாடு முழுமையாக அச்சேறி முடிந்தது அதற்குப் பிறகுதான், 1796இல். கடனாளியின் பெயர் மங்கி, மொழிபெயர்ப்பாளரின் பெயர் ஓங்கியது. 'பொன் மொழிபெயர்ப்பு' என்றே அதை அழைத்தார்கள். பொன்னில் மாசு கண்டுபிடிக்க அடுத்த தலைமுறைக்கு அதிக காலம் பிடிக்கவில்லை.

1814இல் வந்த மிஷனரி இரேனியஸ், பெப்ரிசியஸின் தமிழ் மூலத்தின் அச்சிலேயே விறைத்து நிற்கிறது என்றார். தமிழ் வாசகனுக்குப் புரிய வேண்டும், அதுதான் முக்கியம் என்பது அவர் கட்சி. மொழிபெயர்ப்புக் கொள்கைகளைப் பற்றி 1827இல் ஒரு கட்டுரையே அச்சிட்டார். அவருடைய புதிய ஏற்பாடு நெல்லைப் பக்கம் செல்வாக்குப் பெற்றது. பழைய ஏற்பாட்டை முடிக்குமுன், 1838இல், அவரும் போய்ச்சேர்ந்தார். இந்த நேரத்தில்தான் கதை கடல் தாண்டியது. அங்கே அதற்குக் காத்திருந்தவர் கிறிஸ்தவரே அல்லர்.

யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பள்ளிக்கூடத்தை நடத்திய பீட்டர் பெர்சிவல், வேதாகமத்தை நல்ல தமிழில் மறுபடி பெயர்க்க முடிவெடுத்தார். உதவிக்கு அவர் தேர்ந்தது, தன்னிடம் படித்து அங்கேயே பாடம் சொல்லிக்கொண்டிருந்த நல்லூர் ஆறுமுகத்தை. நெற்றி நிறைய விபூதி. அன்றாட ஆசாரத்தில் அணுவும் பிசகாத சைவர். கிறிஸ்தவராகும்படி யாரும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. ஆண்டுக்கணக்கில் இருவரும் வசனம் வசனமாகப் போனார்கள். வேலை முழு வேதாகமம் என்பதால் வானமும், தேனும், மறைந்த குற்றமும் அந்தச் சைவரின் எழுத்தாணி முனையிலும் ஏறி இறங்கின. அப்படிப் போய்க்கொண்டிருக்கையிலேயே, 1847 டிசம்பர் 31 அன்று, வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுகம் முதல் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கிவிட்டார். பகலில் பாதிரிக்கு வேதாகமம். வெள்ளிக்கிழமை மாலையில் பாதிரிமாரை எதிர்த்துச் சைவம். இது எத்தனை நாள் தாங்கும்?

அதற்குள் ஒரு பயணம் பாக்கி இருந்தது. 1848இல் இருவரும் கையெழுத்துப் பிரதியோடு சென்னைக்குக் கப்பலேறினார்கள். யாழ்ப்பாணத் தமிழில் என்ன வேதாகமம் என்று அங்கே சிலர் உதட்டைப் பிதுக்கினார்கள். தீர்ப்புச் சொல்ல மழவை மகாலிங்கையரிடம் பிரதி போனது. வாசித்துப் பார்த்த அந்தத் தமிழறிஞர், நடை குற்றமற்றது என்று சொல்லிவிட்டார். ஆறுமுகத்தின் வரலாற்றை எழுதிய எல்லோரும் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று ரசித்துவிட்டே போவார்கள். ஊர் திரும்பிய ஆறுமுகம் அதே ஆண்டு பெர்சிவலிடம் விடைபெற்று, சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மறு ஆண்டு திருவாவடுதுறை ஆதீனம் 'நாவலர்' என்ற பட்டம் தந்தது. பாதிரிமாரோடு பிற்பாடு அவர் மோதியபோது, பழைய ஏற்பாட்டை அதிகாரம் அதிகாரமாக எடுத்துக்காட்டி மடக்கினார். அந்தப் பாடத்தை அவருக்குச் சம்பளம் கொடுத்துப் படிப்பித்தது மிஷன்தான். இருவரும் பாடுபட்ட வேதாகமம் 1850இல் அச்சேறியது. பண்டிதர் மெச்சிய தமிழை, தமிழ்நாட்டுச் சபைகள் கையில் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தன.

காரணம் இலக்கணம் இல்லை, பழக்கம். அரை நூற்றாண்டாகக் கல்யாணத்திலும் கருமாதியிலும் கேட்ட ஓசை பெப்ரிசியஸினுடையது. வடக்கே ஒரு பதிப்பு, தெற்கே ஒன்று, யாழ்ப்பாணத்தில் ஒன்று என்று சபைகள் பிரிந்து நின்றன. இதைத் தீர்க்க அமைந்த குழுவில் கால்டுவெல்லும் இருந்தார். முக்கிய எழுத்துப் பணி ஹென்றி பவரிடம் போனது. இந்தியாவிலேயே பிறந்தவர், நன்னூலில் ஊறியவர், சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தைப் பதிப்பித்தவர். அவருக்குத் துணையாக முத்தையா பிள்ளை என்ற தமிழ்ப் பண்டிதர் இருந்தார். குழு எடுத்த முதல் முடிவு எல்லோரையும் திகைக்க வைத்திருக்க வேண்டும்: புதிதாக எதுவும் வேண்டாம், கடன்பட்டுச் சிறை போன கிழவரின் பிரதியையே அடித்தளமாக வைப்போம்.

அதன்மேல் இரேனியஸின் தெளிவு கொஞ்சம், யாழ்ப்பாணத்தின் செம்மை கொஞ்சம் ஏறியது. முழு வேதாகமமும் 1871இல் வெளிவந்தது. கறுப்பு அட்டையும் சிவப்பு ஓரமுமாகத் தமிழ்ப் புராட்டஸ்டண்ட் வீடுகளில் இன்று அலமாரியிலும் தலையணை அருகிலும் கிடக்கிற வேதாகமத்தின் தமிழ் இதுதான். 20ஆம் நூற்றாண்டில் லார்சன் என்ற டேனிஷ் அறிஞரின் முயற்சியில் திருத்திய பதிப்பு ஒன்று வந்தது. ஜனங்கள் அதைத் தொடவில்லை. கத்தோலிக்கர் வழி தனி. 9, 10ஆம் சங்கீதங்களை ஒன்றாக எண்ணிய கிரேக்க, லத்தீன் மரபில் இதே பாட்டு அவர்களுக்கு 18ஆவதாகவே இருந்துவந்தது. 1995இல் வந்த திருவிவிலியம் எண்ணை 19 ஆக்கியது.

இத்தனைக்கும் இந்தப் பாட்டை முழுக்க வாசிக்கிறவர்களைவிட, அதிலிருந்து ஒரு துண்டை மட்டும் மனப்பாடமாக வைத்திருப்பவர்களே அதிகம். ஞாயிறு ஆராதனையில் பிரசங்கி மேடை ஏறுகிறார். மைக்கைத் தட்டிப் பார்க்கிறார், கண்ணை மூடுகிறார். தன் வாயின் பேச்சும் உள்ளத்தின் நினைப்பும் தேவனுக்குப் பிரியமாக இருக்கட்டும் என்று இரண்டு மூச்சில் ஒரு ஜெபம், சபை ஆமென் சொல்கிறது, பிரசங்கம் தொடங்குகிறது. பிரசங்கத்தின் முன்னுரை போலப் பழகிப்போன அந்தக் குட்டி ஜெபம்தான் 19ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம். டேன்ஸ்போர்க் சிறையும் ரியோவில் சிக்கிய கப்பலும் லாலியின் தோல்வியும் நல்லூர்ச் சைவரும் சேர்ந்து கொண்டுவந்து சேர்த்தது அது. அதற்கு இரண்டு வசனம் முன்னால், தன் பிழை தனக்குத் தெரியுமா என்ற அந்தக் கேள்வி நிற்கிறது. மேடையில் அது வராது. ஆராதனை முடிந்ததும் சபையார் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டே அதைப் பேசத் தொடங்குவார்கள், பிரசங்கியைப் பற்றி.